ஒரு நூல் இடைவெளி

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேச முடியாது. சென்னை குரோம்பேட்டை, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து 30 மீட்டர் உள்ளே, இரண்டாவது மாடி. நடுவில் ஒரு ஷோரூமின் தகரக் கூரை, ஒரு தென்னை மரம், அவ்வளவுதான். தெற்கே போகிற ஆம்னி பஸ்கள், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற மாநகர பஸ்கள், பகலில் ஊருக்குள் விடமாட்டார்கள் என்று இருட்டும்வரை காத்திருந்து வரும் லாரிகள் எல்லாம் சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆளுக்கொரு தடவை உறுமும். பச்சை விழுந்து ஒரு விநாடி ஆவதற்குள் பின்னால் இருப்பவர் ஹாரனில் கை வைத்துவிடுவார்.

நாங்கள் பதினாலு வருஷமாக இங்கே இருக்கிறோம், பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். 2022-இல் அப்பா போன பிறகு அம்மா மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்குக் கொடுத்த அறை ரோட்டைப் பார்த்த அறை, ஏனென்றால் அதில்தான் உள்ளேயே பாத்ரூம் இருக்கிறது. வந்த மூன்றாவது வாரம் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "ஒரு பஸ் போய் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள தூங்கிடணும்னு பாக்குறேன், முடியலம்மா." குறையாகச் சொல்லவில்லை, ஏதோ தகவல் மாதிரி சொன்னாள். எனக்கு அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. 71 வயது, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், மூன்று மணி நேரம் தூங்கிக்கொண்டு என் வீட்டில் இருக்கிறாள்.

சட்டத்தில் எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது, வணிகப் பகுதி என்றால் 55. பல சுரத்தில் பாடுகிற ஹாரன் வண்டியில் வைக்கவே கூடாது என்று மோட்டார் வாகன விதி 119 சொல்கிறது. எங்கள் ஜன்னலில் வந்து நின்றால் அந்த விதி தினமும் இரவில் எத்தனை ராகத்தில் மீறப்படுகிறது என்று கேட்கலாம். ரோட்டில் நடப்பது என் கையில் இல்லை, ஜன்னல் என் கையில் இருந்தது.

ஆனால் ஜன்னலில் நான் ஏற்கெனவே ஒருமுறை பணத்தை விட்டிருந்தேன். அம்மா வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் ஹால் ஜன்னலை மாற்றினோம். கடைக்காரர் "சவுண்ட் ப்ரூஃப் மேடம், டபுள் கிளாஸ்" என்று சொல்லி, இரண்டு 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று விட்ட பலகையை ஸ்லைடிங் சட்டத்தில் போட்டுக் கொடுத்தார். கடையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் ரேடியோவைப் பாட விட்டு, அதன் கதவை மூடிக் காட்டினார், சத்தம் டக்கென்று நின்றது. வீட்டில் மாட்டிய அன்றைக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் நம் நினைப்புதானோ என்று தோன்றியது. கடைக்காரரிடம் கேட்டதற்கு ரோடு ரொம்பப் பக்கம், இதுக்கு மேல் ஒன்றும் பண்ண முடியாது என்றார்.

அந்தப் பதிலை இரண்டு வருஷம் நம்பினேன் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அம்மாவுக்காக மறுபடி இதில் இறங்கியபோது, வாங்குவதற்கு முன்னால் ஒலி எப்படி உள்ளே வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் செய்தது ஊதுபத்தி சோதனை. ஒரு மாலை, கடல் காற்று நன்றாக வீசும் நேரம், அம்மா அறையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலை இறுக்கமாகச் சாத்தி, சாமி அலமாரியிலிருந்து இரண்டு ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி, சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். அது கட்டிடம் கட்டியபோது போட்ட பழைய அலுமினிய ஸ்லைடிங், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பூட்டுப் பக்கம் புகை நேராக மேலே போயிற்று. நடுவில் இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்துக்கு வந்ததும், யாரோ வெளியிலிருந்து ஊதின மாதிரி புகை அறைக்குள் மடங்கியது. கீழே டிராக்கில் மழைத் தண்ணீர் வடிய விட்டிருக்கிற துளைகளில் இன்னும் வேகம். மேல் மூலையில் உல்லன் பட்டை தேய்ந்து நூல் நூலாகத் தொங்கியது, அங்கே ஊதுபத்தியின் கங்கு பிரகாசமாகச் சிவந்தது. அம்மா எழுந்து வந்து விரலை வைத்துப் பார்த்து, "இங்க பாரு, இங்கயும் ஊதுது" என்று எனக்குப் பதிலாக அவளே தேட ஆரம்பித்துவிட்டாள். காற்று நுழைகிற இடமெல்லாம் சத்தம் நுழைகிற இடம்.

தச்சு வேலை செய்கிறவர்கள் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்பார்கள். ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இப்போது 5 அடிக்கு 4 அடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 18 அடி, அதாவது 216 அங்குலம். சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி இருந்தால் மொத்தம் 27 சதுர அங்குலம். நம் ஊர் செங்கல்லின் நீளவாக்குப் பக்கம் 9-க்கு 3, அதுவும் 27 சதுர அங்குலம்தான். ஜன்னல் ஓரத்தில் ஒரு நூல் விட்டிருப்பதும், சுவரில் ஒரு செங்கல்லை உருவிவிட்டு அப்படியே திறந்து வைத்திருப்பதும் பரப்பளவில் ஒன்று. ஜன்னல் பரப்பில் அது ஒரு சதவீதத்தை ஒட்டி வருகிறது, ஒரு சதவீதம் திறந்திருந்தால் மீதி 99 சதவீதத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடி போட்டாலும் அந்த ஜன்னல் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இது கணக்கு, கடைக்காரரின் திறமையைப் பொறுத்தது இல்லை. என் ஹால் ஜன்னலில் நடந்ததும் இதுதான். ஸ்லைடிங் கதவு ஓட வேண்டுமென்றால் இடைவெளி இருந்தே ஆக வேண்டும், அந்த இடைவெளியில் மயிர் மாதிரி ஒரு பட்டை நிற்கிறது, அது தூசியைத் தடுக்கும், பஸ் ஹாரனைத் தடுக்காது.

அம்மா அறையில் உடனே செய்தது சில்லறை வேலை. தேய்ந்த உல்லன் பட்டையை எடுத்துவிட்டு அடர்த்தியானது, கதவு சட்டத்தோடு முட்டுகிற பக்கங்களில் ரப்பர் பீடிங், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் வெடித்திருந்த பூச்சில் சிலிகான், பழைய விண்டோ ஏசி இருந்த ஓட்டையை மூடியிருந்த மெல்லிய பிளைவுட்டுக்குப் பதிலாகச் செங்கல் வைத்துப் பூசியது. ஏசி குழாய் வெளியே போகிற துளையை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டில் அதில் ஒரு பழைய துணியை அடைத்து வைத்திருந்தார்கள், பட்டி வைத்து அடைத்தேன். கொத்தனார் கூலியைத் தவிர்த்தால் சாமான் செலவு எழுநூறு ரூபாய்கூட ஆகவில்லை. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் வேறெதையும் தொடாவிட்டாலும் இதைச் செய்துகொள்ளலாம்.

அதற்குப் பதிலாக எல்லாரும் செய்வது கனமான திரை வாங்குவது. நானும் வாங்கினேன். திரை அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அதனால் அறை மெத்தென்று இருக்கிற மாதிரித் தோன்றும், வெளியிலிருந்து வருவதை அது நிறுத்தாது. சத்தத்தை நிறுத்துவதற்குக் கனம் வேண்டும், காற்றுப் புகாத ஓரம் வேண்டும், துணியில் இரண்டும் கிடையாது. முட்டை அட்டை ஒட்டுவதும், தெர்மகோல் வைப்பதும் அப்படித்தான். பால்கனியில் நாலு தொட்டிச் செடி வைத்தால் சத்தம் குறையும் என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், செடி வையுங்கள், அழகாக இருக்கும், ஆனால் இதற்காக வைக்காதீர்கள்.

சரி, கண்ணாடிக்கு வருவோம், ஏமாறுவதற்கு வழி அதிகம் இருப்பது இங்கேதான். ஒற்றைக் கண்ணாடி 6 மில்லிமீட்டர் போட்டால் அதன் ஒலித்தடுப்பு எண், அதாவது எத்தனை டெசிபல் தடுக்கும் என்று காட்டுகிற ஆர்டபிள்யூ, 31. நான் காசு கொடுத்து வாங்கிய 4-12-4 இரட்டைக் கண்ணாடிக்கு 29. ஐரோப்பியத் தர அட்டவணையில் இப்படித்தான் போட்டிருக்கிறது, நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இரட்டைக் கண்ணாடி வெப்பத்தைத் தடுக்கக் கண்டுபிடித்தது, அந்த வேலையை நன்றாகச் செய்யும். சத்தத்தைப் பொறுத்தவரை, ஒரே தடிமனில் இரண்டு கண்ணாடியும் நடுவில் அரை அங்குலக் காற்றும் சேர்ந்தால் அது மத்தளம் மாதிரி. ஒரு தோலில் தட்டினால் நடுவிலிருக்கிற காற்று அடுத்த தோலையும் ஆட்டும். 4-12-4 பலகை கிட்டத்தட்ட 250 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 250 தடவை, இப்படிச் சேர்ந்து அதிரும், பஸ், லாரி இன்ஜினின் சத்தம் அதிகம் இருப்பது அந்தப் பக்கத்தில்தான். இரண்டு கண்ணாடியும் வேறு வேறு தடிமனாக இருந்து, அதில் ஒன்று நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டடாகவும் இருந்தால் கதை மாறும், 6 மில்லிமீட்டரும் 10 மில்லிமீட்டர் லேமினேட்டடும் சேர்ந்த இரட்டைக்கு எண் 37 வரை போகிறது. அதற்குக் கனமும் விலையும் கூடும்.

லேமினேட்டட் என்பது கார் முன்கண்ணாடி மாதிரி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு பலவீனமான சுரம் உண்டு. 12,000-ஐக் கண்ணாடியின் மில்லிமீட்டரால் வகுத்தால் சுமாராக அந்த இடம் வரும். 6 மில்லிமீட்டர் என்றால் 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் அது தானே அதிர்ந்து சத்தத்தை உள்ளே விட்டுவிடும், ஹாரனின் கூர்மை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் அந்தப் படலம் இருந்தால் அதிர்வை அது தின்றுவிடும். வீணை தந்தியில் விரலை லேசாக வைத்தால் நாதம் அடங்குகிறதே, அந்த மாதிரி. கடையில் விலைப்பட்டியல் கேட்கும்போது ஆர்டபிள்யூ என்ன, அதன் பக்கத்தில் சிடிஆர் என்ன என்று சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது எண் சாலைச் சத்தத்துக்காகக் கழிக்க வேண்டியது. ஆர்டபிள்யூ 37, சிடிஆர் கழித்தல் 5 என்றால் ரோட்டைப் பார்த்த வீட்டுக்கு அது 32-தான். இந்தக் கேள்வியைக் கேட்டதும் நான் போன நாலு கடையில் மூன்றில் பேச்சு மாறிவிட்டது. நாலாவது கடையில் இருந்த தம்பி, "அது ஃபேக்டரில கேட்டு சொல்றேன் மேடம், ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றார். அவரிடமே கொடுத்தேன்.

கடைசியாக அம்மா அறைக்கு முடிவானது இது: யுபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் சட்டம், ஸ்லைடிங் இல்லை. ஒரு பாதி திறக்கவே திறக்காத ஃபிக்ஸட், ஒரு பாதி கீல் வைத்து உள்பக்கம் திறக்கிற ஓப்பனபிள். இரண்டிலும் 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டை ஒட்டிய லேமினேட்டட், நடுவில் 0.76 மில்லிமீட்டர் படலம். திறக்காத பாதியில் இடைவெளிக்கே வேலை இல்லை, விலையும் குறைவு. திறக்கிற பாதியைச் சாத்தினால் சுற்றிலும் இரண்டு வரிசை ரப்பர் கேஸ்கெட்டில் அழுந்தும், கைப்பிடியைத் திருப்பினால் மூன்று இடத்தில் பூட்டு விழுந்து கதவைச் சட்டத்தோடு இழுத்துப் பிடிக்கும். வெளியில் ஏற்கெனவே கிரில் இருந்ததால்தான் உள்பக்கம் திறப்பது, அம்மா கட்டிலை இரண்டடி நகர்த்த வேண்டியதாயிற்று. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் 2.5 கிலோ. அந்த ஒரு கதவின் கண்ணாடி மட்டும் 23 கிலோ வந்தது, 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம் கம்மி. இதைச் சொல்லிக் கனம் தாங்குகிற கீல் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் கதவு தொங்கி, மறுபடி ஒரு நூல் இடைவெளி வந்துவிடும்.

மாட்டுகிற அன்றைக்கு நான் லீவு போட்டு நின்றேன். சட்டத்தைச் சுவருக்குள் வைத்துத் திருகாணி போட்டதும் சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற அளவு சந்து தெரிந்தது, வெளியில் மட்டும் சிலிகான் இழுத்து, உள்ளே பீடிங் வைத்து மூடிவிடுவது வழக்கமாம். "உள்ள வெறும் பொக்கையா இருக்கக் கூடாது தம்பி" என்று சொல்லி, சந்தை முழுக்க நிரப்ப வைத்து, வெளியிலும் உள்ளேயும் சிலிகான் போட வைத்தேன். முகம் சுளிக்காமல் செய்தார்கள், இரண்டு மணி நேரம் கூட ஆயிற்று. சதுர அடிக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிய ஜன்னலுக்கு இந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்காவிட்டால் மற்றதெல்லாம் போச்சு.

ஃபோன் ஆப் வைத்து அளந்தேன். ஃபோன் காட்டுகிற எண் அப்படியே சரியாக இருக்காது, ஆனால் ஒரே ஃபோனை ஒரே இடத்தில் வைத்து எடுத்த இரண்டு அளவுக்கு நடுவிலிருக்கிற வித்தியாசத்தை நம்பலாம். அம்மா தலையணை மேல் வைத்து, ராத்திரி பதினொரு மணிக்கு, ஐந்து நிமிஷ சராசரி. பழைய ஜன்னல் திறந்திருந்தபோது 66. சாத்தினால் 55. எழுநூறு ரூபாய் ஒட்டு வேலைக்குப் பிறகு 51. புது ஜன்னலில் 41. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 55-க்கும் 41-க்கும் நடுவில் பாதிக்கும் மேல் போயிருக்கிறது.

முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஹாரன், பிரேக் கிறீச்சிடுவது, டூவீலரின் சைலன்சர் இதெல்லாம் எங்கேயோ தூரத்துத் தெருவுக்குப் போய்விட்டது. லாரி நின்றுகொண்டே இன்ஜினை ஓடவிட்டிருந்தால் அந்த உம்மென்ற அதிர்வு இன்னும் வருகிறது, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் தெரியும். தாழ்ந்த சத்தத்தை ஒற்றை ஜன்னலால் பிடிக்க முடியாது. அதற்கு இரண்டாவதாக ஒரு ஜன்னல் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் நாலு அங்குலமாவது காற்று வேண்டும், அரை அங்குலம் போதாது. நம் பழைய சுவர்கள் ஒன்பது அங்குலம் என்பது இதற்கு நல்ல வசதி, வெளி ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு உள்பக்க விளிம்பில் இன்னொன்று போட இடம் இருக்கிறது.

அப்புறம் காற்று. சென்னையில் மே மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவது என்றால் ஏசி இல்லாமல் முடியாது, அந்த மின்கட்டணமும் ஜன்னல் விலையில் சேர்ந்ததுதான். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை, உள்ளே இருப்பதையே குளிரவைத்துக் கொடுக்கிறது, இதைப் பலபேர் யோசிப்பதில்லை. இவ்வளவு இறுக்கமாகச் சாத்திய அறையில் காலையில் எழுந்தால் தலை கனக்கும். எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் பின்பக்கச் சந்தைப் பார்த்திருக்கிறது, கட்டிடமே குறுக்கே நிற்பதால் அங்கே ரோட்டுச் சத்தம் மிகவும் கம்மி. அதன் லூவரைத் திறந்து, பாத்ரூம் கதவை ஒரு சாண் விட்டுவைத்தோம், அந்த வழியில் காற்று வருகிறது. பின்பக்கம் அறை காலியாக இருக்கிறவர்கள் ஜன்னலுக்கு ஒரு பைசா செலவழிப்பதற்கு முன்னால் கட்டிலை அங்கே மாற்றிப் பாருங்கள். எனக்கு அந்த வழி இல்லை, அங்கே பாத்ரூம் தூரம், ராத்திரி அம்மா எழுந்து நடக்க வேண்டும்.

முதல் வாரம் அம்மா தூங்கவில்லை என்றுதான் சொன்னாள். வெளிச்சத்தம் அடங்கியதும் உள்ளே இருந்தவை எல்லாம் எழுந்துவிட்டன. ஃபேனின் டிக் டிக், ஃபிரிட்ஜ், மேல் வீட்டில் சொட்டுகிற குழாய். ஃபேனுக்கு எண்ணெய் விட்டோம், மேல் வீட்டு அக்காவிடம் சொன்னதும் வாஷர் மாற்றினார்கள். பத்தாவது நாள் காலை ஆறே முக்கால் வரை அறைக் கதவு திறக்கவில்லை. நான் பயந்துபோய் உள்ளே போய்ப் பார்த்தேன், சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்து, ஆழமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு மேல் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அடுத்தது ஹால். வீணாகப் போன அந்த ஸ்லைடிங்கை எடுக்கப் போவதில்லை, வெளி ஜன்னலாக அதுவே இருக்கட்டும், உள்ளே இரண்டாவது ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து அளந்தேன், நாலேகால் அங்குலம் இடைவெளி கிடைக்கிறது. அந்த விளிம்பில்தான் அம்மா வரிசையாக மணி பிளான்ட் பாட்டில்கள் வைத்திருக்கிறாள், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் வைத்தால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்கிறாள். தம்பியிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறார்.